ஸ்வான்சி

ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸில், தாவே ஆறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த துறைமுக நகரம்; கார்டிஃபுக்கு அடுத்த பெரிய நகரம். வேல்ஸ் மொழியில் அபர்தாவே. செம்பை உருக்குவதற்குத் தாதுவைவிட நிலக்கரி கூடுதலாகத் தேவைப்பட்டதால், கார்ன்வாலிலிருந்தும் பின்னர் கியூபா, சிலியிலிருந்தும் செப்புத்தாது கரி கிடைத்த இந்நகருக்கே கப்பலில் வந்தது. 1717இல் தொடங்கிய இச்செப்பு உருக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் உலகில் முதன்மை பெற்றது. உருக்காலைகளின் நச்சுப்புகையால் ஆற்றுப்பள்ளத்தாக்கு தரிசானது. 1807இல் கட்டணப் பயணிகளுடன் அருகிலுள்ள மம்பிள்ஸுக்கு ஓடிய குதிரை ரயில், உலகின் முதல் பயணியர் ரயிலாகக் கருதப்படுகிறது; இப்பாதை 1960இல் மூடப்பட்டது. 1941 பிப்ரவரியில் மூன்று இரவுகள் நடந்த ஜெர்மானியக் குண்டுவீச்சில் நகர மையம் சிதைந்தது. மாநகரத் தகுதி: 1969. காணத்தக்கவை: 1956இல் நாட்டிலேயே முதலாவதாக இயற்கை எழிற்பகுதியாக அறிவிக்கப்பட்ட கௌவர் தீபகற்பம், ஆய்ஸ்டர்மவுத் கோட்டை, கவிஞர் டிலன் தாமஸ் (1914–1953) பிறந்த வீடு.