பெயருக்கு ஒரு விலை

மருந்துக்குப் பெயர்கள் இரண்டு உண்டு. அதன் மூலப்பொருளைக் குறிப்பது பொதுப்பெயர். அதனை விற்கும் நிறுவனம் சூட்டியது வணிகப்பெயர். பாரசிட்டமால் பொதுப்பெயர், குரோசின், கால்பால் என்பன வணிகப்பெயர்கள். பொருள் ஒன்றே, விலையோ பெயருக்குப் பெயர் வேறுபடும். மருத்துவர் வணிகப்பெயரை எழுதித் தர, அதே பொருளை மலிவாக வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரர் மாற்றிக் கொடுக்கலாமா? இவ்வினா நேற்று எழுந்ததன்று.

பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி, தம் 'கிதாபுஸ் ஸைதனா'வில், ஒவ்வொரு மருந்துச் சரக்கும் பல மொழிகளில் பெறும் பெயர்களைத் தொகுத்தளித்தார். ஒரு சரக்கு கிடைக்காதபோது ஈடாக எதனைக் கொடுக்கலாம் என்பதை விளக்க 'அப்தால்' எனப்படும் மாற்று மருந்து நூல்கள் எழுந்தன. அர்ராஸியும் அத்தகைய நூலொன்று இயற்றினார். மருந்து வணிகரின் கலப்படத்தைத் தடுப்பது, கடைத்தெருவைக் கண்காணித்த முஹ்தஸிபின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. மாற்றலாம், ஆனால் அறிந்தவரே மாற்ற வேண்டும், மேற்பார்வையும் வேண்டும் என்பதே அவர்தம் நெறி.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழி சென்றது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி, அட்டவணை எச்சில் அடங்கிய மருந்துகளுக்குச் சீட்டில் எழுதியதை விடுத்து வேறு தயாரிப்பைத் தரலாகாது என்கிறது. அதே பொருளைக் கொண்டிருப்பினும் தரலாகாது! ஆகவே ஏழை நோயாளிக்கு இரங்கி மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே.

இந்நிலையை மாற்ற முயன்றது ஜெயசுக்லால் ஹாத்தி தலைமையில் 1974இல் அமைந்த குழு. வணிகப்பெயர்களைப் படிப்படியாக ஒழிக்குமாறு அது 1975இல் பரிந்துரைத்தது. 1981இல் ஆஸ்பிரின், அனால்ஜின், குளோர்ப்ரோமஸின், ஃபெரஸ் சல்ஃபேட், பிப்பரஸின் ஆகிய ஐந்துக்கு மட்டும் அரசு ஆணையிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடர, டில்லி உயர் நீதிமன்றத்தில் அவ்வாணை நிற்கவில்லை. ஆனால் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் வேறொரு நன்மை செய்தது. மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கே உரிமை என்றதால், இந்திய நிறுவனங்கள் தம் வழியில் மலிவாகச் செய்யலாயின. அவற்றுள் ஒன்று, குவாஜா அப்துல் ஹமீத் 1935இல் பம்பாயில் தொடங்கிய சிப்லா. அவர் மைந்தர் யூசுஃப் ஹமீத், ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் நோய்க் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர 2001இல் முன்வந்தபோது உலகமே திகைத்தது. ஒரு பெயரின் விலை எவ்வளவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஹாத்தி குழு அமைந்த அதே 1974இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்து மக்களுக்கு இவ்வழக்கில் ஓரளவு நீதி வழங்கியது நீதிமன்றமன்று; 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமே. அது தேவையான மருந்துகளைப் பொதுப்பெயரில் பட்டியலிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பித் தரம் கண்ட பின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு அளிக்கிறது. ஆகவே அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் மருந்து பெறுவோர்க்குப் பெயர்ச்சண்டையே இல்லை. கோட்டைப்பட்டினத்திலோ மீமிசலிலோ தனியார் மருத்துவரின் சீட்டுடன் கடைக்குச் செல்வோர்க்குத்தான் சிக்கல். நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆயுள் முழுதும் மருந்து கேட்பவை. மாதந்தோறும் சில நூறு ரூபாய் மிஞ்சுவது ஏழைக் குடும்பத்திற்குச் சிறிதன்று.

மருத்துவர் தயங்குவதிலும் நியாயமுண்டு. தரம் ஐயத்திற்கிடமானால் பழி அவர்மீது வரும். வலிப்பு, தைராய்டு, இரத்த உறைவு ஆகியவற்றுக்கான மருந்துகளில் அளவு சிறிது மாறினும் தீங்கு நேரலாம். மலிவாக வாங்கிய மருந்தை உறையில் அச்சிட்ட முழு விலைக்கு விற்று, மிச்சத்தைத் தாமே கொள்ளும் கடைக்காரரும் உளர். மாற்றும் உரிமையை அவரிடம் தந்தால் ஆதாயம் நோயாளிக்குத்தான் போய்ச் சேருமா?

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் பொதுப்பெயரிலேயே எழுத வேண்டுமென விதித்து, எதிர்ப்பு எழவே அம்மாதமே நிறுத்தி வைத்தது. மலிவு மருந்துக்கென 2008இல் ஜன் ஔஷதி கடைகளும், 2025இல் தமிழகத்தில் முதல்வர் மருந்தகங்களும் தொடங்கப்பட்டன. ஆனால் சீட்டில் பொதுப்பெயர் இல்லையேல் அக்கடைகளால் பயன் யாது?

ஆதலின் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மருத்துவரிடமே, 'ஐயா, மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தாருங்கள். இதனை மாற்றினால் தீங்கில்லையா?' எனப் பணிவுடன் கேட்போம். கடையில் இரசீது பெறுவோம். மாற்றும் முடிவு அறிந்தவரிடம் இருக்கட்டும். அதன் ஆதாயம் நோயுற்றவரிடம் இருக்கட்டும்.