எண்களின் புணர்ச்சி

மொழியியலையே தொழிலாகக் கொண்ட நமக்குத் தொலைபேசியின் வரலாற்றில் என்ன வேலை என்று ஆசிரியர்களும் மாணவர்களும் வினவக்கூடும். பெயருக்கும் இடத்துக்கும் உள்ள உறவு என்னும் சிக்கல் இரு துறைகளுக்கும் பொதுவானது என்பதே நம் விடை.

சிங்கப்பூருக்குத் தொலைபேசி 1879இல் வந்தது. கையால் இயக்கப்பட்ட இணைப்பகங்களில் பெயரை இடமாக மாற்றியவர் மனிதரே. அழைப்பவர் தமக்கு வேண்டியவரைக் குறிப்பிடுவார். இணைப்பாளர் உரிய துளையில் கம்பியைச் செருகுவார். தானியங்கி இணைப்பகங்கள் வந்தபின் அவ்வறிவு விதிகளாக எழுதப்பட்டது. 1980இல் ஏழாம் எண் சமிக்ஞை முறை பன்னாட்டளவில் தரப்படுத்தப்பட்டது. அம்முறையில் பேச்சு ஒரு வழியிலும், அதனை ஏற்பாடு செய்யும் சமிக்ஞைச் செய்தி தனி வழியிலும் செல்கின்றன.

சமிக்ஞை முனை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடக்குறியீடு உண்டு. பன்னாட்டுத் தரத்தில் அதன் நீளம் 14 பிட்டுகள். ஆகவே ஒரு வலையமைப்பில் 16,384 குறியீடுகளே இயலும். ஒரு நாட்டின் உட்குறியீடுகளைப் பிற நாட்டு முனைகள் அறியா. எனவே செய்தி, எங்கும் பொருள்படும் ஓர் எண்ணை முகவரியாகத் தாங்கிச் செல்கிறது. வழியிலுள்ள முனை அவ்வெண்ணின் முன்னிலக்கங்களைப் படித்து, அடுத்துச் செல்லவேண்டிய முனையைத் தீர்மானிக்கிறது. இறுதி இடத்தை அது அறியவேண்டியதில்லை.

இவ்விதிகளைக் காணும் தமிழாசிரியருக்குப் புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வரும். விகாரங்கள் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். 2002 மார்ச் 1 அன்று சிங்கப்பூரின் ஏழிலக்க வீட்டுத் தொலைபேசி எண்களின் முன் 6 சேர்ந்தது, அது தோன்றல். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் உள்ள 65, உள்நாட்டுக்குள் நுழைந்ததும் நீங்குகிறது, அது கெடுதல்.

திரிதலுக்குச் சாங்கி விமான நிலையத்தில் முன்பு சான்று காண முடிந்தது. தமிழகத்திலிருந்து வந்திறங்கிய தொழிலாளர் ஊர்ச் சிம் அட்டையுடன் கைத்தொலைபேசியைத் திறப்பார். இங்கு அன்றிருந்த வலையமைப்பு கண்டது 404 அல்லது 405 எனத் தொடங்கும் அடையாள எண்ணை மட்டுமே. நாட்டையும் நிறுவனத்தையும் சுட்டும் முன்னிலக்கங்கள், 91 எனத் தொடங்கும் இலக்கங்களாகத் திரிந்தன. எஞ்சியவை இயல்பாய் நின்றன. அம்முகவரியுடன் செய்தி இந்தியா சென்று, அவருடைய பதிவேட்டின் இசைவைப் பெற்றுத் திரும்பிய பின்னரே இணைப்புக் கிடைத்தது. சிங்கப்பூரர் சென்னையில் இறங்கியபோது, 525 அவ்வாறே 65 ஆயிற்று.

விதிகளின் வரிசையிலும் இலக்கண ஒழுங்கு உண்டு. 91 எனத் தொடங்குவன இந்தியாவுக்கு என்பது பொதுவிதி. மேலும் சில இலக்கங்கள் பொருந்தும் சிறப்புவிதி இருப்பின் அதுவே முந்தும். 2008 ஜூன் 13 முதல் கைத்தொலைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் முழு வசதி சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் முன்னிலக்கத்தைக் கொண்டு நிறுவனத்தை உறுதியாக அறிய இயலாது. பொதுத் தரவுத்தளத்தில் தனித்தனி எண்ணாகத் தேடவேண்டும். இடத்தைச் சுட்டிய எண், ஆளைச் சுட்டும் பெயராயிற்று.

விதி பிழைத்தால் விளைவது என்ன? அட்டவணையில் ஒரு வரி விடுபட்டால் போதும். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நிற்கும் தொழிலாளரின் தொடர்பு அறுந்துவிடும். கருவியும் பழுதில்லை, கோபுரமும் பழுதில்லை. இரு முனைகள் ஒன்றையொன்று சுட்டினாலோ, தாவல் எண்ணிக்கை தீரும்வரை செய்தி வீணே சுழலும். விதி எழுதுபவர் அத்தொழிலாளரை ஒருபோதும் காணமாட்டார். எனினும் அவர் வீட்டுக் குரல் அவரை வந்தடைவது அந்த ஒரு வரியால்தான்.

தேக்கா என்னும் பெயர் மூங்கிலடி எனப் பொருள்படும் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது. மூங்கில் மறைந்தது, பெயர் நிலைத்தது. வழிகேட்பவரை இன்றும் அங்குக் கொண்டுசேர்ப்பது, பெயரையும் இடத்தையும் இணைத்து மக்கள் நினைவில் வைத்திருக்கும் விதியே. இலக்கண வகுப்பில் விதியைக் கற்கும் மாணவர், அது சேர்த்துவைக்கும் மனிதரையும் எண்ணிப் பார்ப்பாராக.