சிலுவையா? நிலமா?

பெல்பாஸ்ட் நகரிலே ஒரு சுவர். ஒருபுறம் கத்தோலிக்கர் வாழும் தெரு. மறுபுறம் புராட்டஸ்டண்டுகள் வாழும் தெரு. 1969-ஆம் ஆண்டு வீடுகள் தீக்கிரையான நேரத்தில், தற்காலிகத் தடுப்பாக எழுப்பப்பட்டது அது. சூட்டப்பட்ட பெயரோ 'சமாதானச் சுவர்'! 1998-இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் அத்தகைய சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன.

இருசாராரும் கிறித்துவர். ஏசு ஒருவர்; பேசும் மொழியும் ஒன்று. பின் ஏன் இந்தப் பகை? மதவெறி என்று ஒரே சொல்லில் பதில் கூறுவர் பலர். அது பாதி உண்மை. மதம் வெறியூட்டியது, மெய். அந்த மதத்தை ஆயுதமாக்கி மக்கள் கையிலே கொடுத்தது யார்? அதையல்லவா நாம் கேட்க வேண்டும்!

1607-இல், அல்ஸ்டரை ஆண்ட ஐரிஷ் சிற்றரசர்கள் ஆங்கில ஆட்சிக்கு அஞ்சிக் கப்பலேறினர். 1609 முதல் அவர்தம் நிலம் பறிக்கப்பட்டு, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்து வந்த புராட்டஸ்டண்டுகளுக்குப் பங்கிடப்பட்டது. அன்று முதல், 'நீ எந்தத் தேவாலயத்துக்குப் போகிறாய்?' என்ற கேள்விக்கு, 'நீ நிலம் பெற்றவனா, இழந்தவனா?' என்பதே பொருளாயிற்று. 1641-இல் இழந்தவர்கள் எழுந்தனர். குடியேறியோர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். 1649-இல் கிராம்வெல் வந்தான்; துரோகெடா நகரம் குருதியில் நனைந்தது.

1690-இல் பாயின் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்டு மன்னன் வில்லியம் வென்றான். பிறகு வந்தன சட்டங்கள். 5 பவுனுக்கு மேல் விலையுள்ள குதிரையைக் கத்தோலிக்கன் வைத்திருக்கலாகாது என்றது 1695-ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் வாங்கலாகாது என்றது 1704-ஆம் ஆண்டுச் சட்டம். 1728-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. குதிரைக்கும் கடவுளுக்கும் என்ன உறவு? ஆன்மாவைக் காக்க வந்த சட்டங்களா இவை? பறித்த நிலம் கைநழுவாதிருக்கப் போட்ட பூட்டுகள்!

பகை பிறவியிலேயே வந்தது என்போருக்கு வரலாறே மறுப்புரைக்கிறது. 1791-இல் அதே பெல்பாஸ்டில்தான் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான உல்ஃப் டோன் புராட்டஸ்டண்டு. மதவேற்றுமை மறந்து அயர்லாந்தின் விடுதலைக்காக அணிவகுப்போம் என்றது அச்சங்கம். அதன் 1798-ஆம் ஆண்டுப் புரட்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. இடையிலே, 1795-இல், ஆரஞ்சு சங்கம் பிறந்தது. நிலப்பிரபுக்கள் அதை அணைத்துக்கொண்டனர்.

1886-இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் பேச்சு எழுந்தது. அதை முறியடிக்க ஆரஞ்சுச் சீட்டை இறக்குவதே வழி என்று, இங்கிலாந்தின் ராண்டால்ப் சர்ச்சில் நண்பருக்குக் கடிதம் தீட்டினார். அவருக்கு அது சீட்டாட்டம். பெல்பாஸ்ட் ஏழைக்கோ உயிர்ப்பலி! அவ்வாண்டுக் கலவரத்தில் பலர் மாண்டனர்.

1921-இல் நாடு பிளந்தது. வடக்கிலே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே கத்தோலிக்கர் சிறுபான்மையினர்; ஆனால் டெரி நகரில் அவர்களே பெரும்பான்மையினர். தொகுதி எல்லைகளை வளைத்து, அந்நகர மன்றத்தையும் எதிரணியே ஆண்டது. நகர மன்றத் தேர்தலில் வீடிருந்தால்தான் வாக்கு. ஆகவே வீடு மறுக்கப்பட்டது. உரிமை கேட்டு 1968-இல் ஊர்வலம் வந்தோர் தடியடி பெற்றனர். 1972 ஜனவரி 30 அன்று, அதே டெரியில் இராணுவம் 13 பேரைச் சுட்டு வீழ்த்திற்று. இருதரப்புத் துப்பாக்கியும் வெடிகுண்டும் தொடர்ந்தன. 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தெற்கு மட்டும் தூயதா? 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலே கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் தந்தனர். 1972-இல்தான் அதை நீக்கினர். வடக்கின் அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தது அந்த வாசகம்.

எனினும், 1932-இல் பெல்பாஸ்டின் வேலையற்றோர், இருமதத்தவரும், நிவாரணம் கேட்டு ஒன்றாக நடந்தனரே! பசிக்கு ஏது மதம்? அந்த ஒற்றுமையை நிலைக்கவிடாதவர்கள், அதனால் இழப்படைய இருந்தவர்களே.

1981-இல், இருதரப்புக் குழந்தைகளும் ஒன்றாகப் பயில, பெற்றோர் சிலர் பெல்பாஸ்டில் ஒரு பள்ளி தொடங்கினர். முதல் நாள் வந்த மாணவர் 28 பேர். இன்றும் வட அயர்லாந்தில் அத்தகைய பள்ளிகளிலே படிப்போர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நிலத்துக்காக வகுத்த பிரிவினை, நிலக்கணக்கு மறந்த பின்னும் பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கிறது. தோழர்களே, சுவரை இடிப்பது ஒருநாள் வேலை. அந்தக் காவலை விரட்டுவதே தலைமுறைப் பணி.