திருப்பரங்குன்றமும் தேர்தற் செலவும்



மதுரைக்குத் தென்மேற்கே, முருகன் கோயில் கொண்ட குன்றின் பெயரால் விளங்கும் தொகுதி திருப்பரங்குன்றம். 2016 மே மாதப் பொதுத்தேர்தலில் அங்கு வென்ற எஸ். எம். சீனிவேல், உறுப்பினராகப் பதவிப் பிரமாணம் செய்யும் முன்னரே காலமானார். அதனால் அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. அதே நாளில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு நடந்தது. இவ்விரண்டும் மே மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டிய தேர்தல்கள். வாக்காளர்க்குப் பணமும் பரிசுப் பொருளும் வழங்கப்பட்டன என்று கண்டு, தேர்தல் கமிஷன் அவற்றை ரத்துச் செய்திருந்தது.

ஆகவே, பணத்தைப் பற்றிய ஐயம் முதல் நாளிலிருந்தே திருப்பரங்குன்றத்தையும் சூழ்ந்து நின்றது. வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள் முன்பு, நவம்பர் 8 இரவில், 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென மத்திய அரசு அறிவித்தது. இனிப் பணத்தின் ஆட்டம் அடங்கிவிடும் என்று நம்பியவர் பலர். ஆனால் எதிர்க்கட்சி பணம் கொடுக்கிறது என்று ஒவ்வொரு தரப்பும் மற்றதைச் சாடுவது ஓய்ந்தபாடில்லை.

இத்தகைய சாடல் அவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அடுத்துள்ள திருமங்கலத்தில் 2009 ஜனவரி 9-ஆம் நாள் நடந்த இடைத்தேர்தல், தமிழக அரசியலுக்கே ஒரு சொற்றொடரைத் தந்தது. வாக்குக்குப் பணம் என்னும் முறைக்குத் ‘திருமங்கலம் பார்முலா’ என்று பத்திரிகைகள் பெயரிட்டன. ஓர் ஊருக்கு இப்படியும் ஒரு பெயர் வரலாமா என்று அவ்வூரார் வருந்தியிருப்பர்.

இவ்வளவு பேசப்படும் குற்றம் வழக்காகி நிலைபெறுவது ஏன் அரிதாயிருக்கிறது? விடை காணச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும்.

வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டும் முறையை இங்கிலாந்து 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைநாட்டியது. நம் நாட்டில் வாக்காளருக்குக் கையூட்டு அளிப்பதை 1920-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இரு வழிகளையும் சேர்த்துக்கொண்டது. கையூட்டு நிரூபிக்கப்பட்டால் தேர்தல் செல்லாது. அத்துடன், தம் செலவுக் கணக்கை வேட்பாளர் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2016-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்ற வேட்பாளருக்கு வரம்பு 28 லட்சம் ரூபாய்.

வேட்பாளர் கைப்பணத்துக்குத்தான் இவ்வரம்பு. கட்சியின் பணத்துக்கு? இக்கேள்வி 1974 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 1971-இல் டில்லி சதர் தொகுதியில் வென்ற அமர்நாத் சாவ்லாவின் மீது கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கு அது. வேட்பாளரின் இசைவோடு கட்சி செலவிட்டதும் அவர் கணக்கிலேயே சேரும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவ்லாவின் வெற்றி செல்லாததாயிற்று. அம்மாதமே அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. கட்சியும் நண்பரும் செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்றது. அணை கட்டி முடிந்ததும் பக்கத்திலேயே வாய்க்கால் வெட்டியது போன்ற காரியம்! 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாய்க்காலைப் பெரும்பாலும் அடைத்தது. தலைவர்களின் பிரயாணச் செலவுக்கு மட்டும் விலக்கு நின்றது. கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு எல்லை விதிக்கப்படவில்லை.

நிரூபிக்கும் சுமையோ பெரிது. தேர்தல் மனுவை 45 நாட்களுக்குள் தொடுக்க வேண்டும். பணம் கைமாறியது என்றால் மட்டும் போதாது. வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ கொடுத்தார், அல்லது அவர்கள் சம்மதத்தோடு கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். கிரிமினல் வழக்குக்கு ஒப்பான உறுதியைச் சாட்சியத்தில் நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. இரவில் வாங்கியவர் பகலில் சாட்சி சொல்ல வருவாரா? வாங்குவதும் குற்றமே ஆதலால், வாய் திறப்பவர் தம்மையே காட்டிக்கொடுத்தவர் ஆகிறார்.

இனித் திருப்பரங்குன்றத்தின் முடிவைக் கூறுவேன். அந்தத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளர் ஏ. கே. போஸ், தி.மு.க. வேட்பாளர் டாக்டர் பா. சரவணனை 42,670 வாக்குகளால் வென்றார். சரவணன் சென்னை உயர்நீதிமன்றத்தில் மனுத் தொடுத்தார். அந்த வழக்கைத் தீர்மானித்தது ஒரு கட்டைவிரல் ரேகை. போஸைக் கட்சியின் வேட்பாளராக அங்கீகரித்த படிவங்களில், அப்போது மருத்துவமனையில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் கையெழுத்துக்குப் பதிலாக விரல் ரேகையே பதிந்திருந்தது. அப்படிவங்களை ஏற்றது முறையன்று என்று கூறி, 2019 மார்ச் 22-ஆம் நாள் நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாதென அறிவித்தது. அதற்கு முன்பே, 2018 ஆகஸ்டில், போஸ் காலமாகிவிட்டார்.

2019 மே 19-ஆம் நாள் திருப்பரங்குன்றத்து மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். இம்முறை சரவணன் 2,396 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அத்தேர்தலின்போதும் பணப் புகார்கள் எழுந்தன.