மாசசூசெட்ஸ் கலகச் சட்டம், 1786

சட்டவிரோதமாகக் கூடுவோரைக் கலைக்கவும் தண்டிக்கவும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் 1786 அக்டோபரில் இயற்றிய சட்டம். விடுதலைப் போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. மாநிலத்தின் மேற்குப் பகுதி உழவர்கள் வரியாலும் கடனாலும் நிலத்தை இழந்துவந்தார்கள். கடனைக் கட்ட முடியாதவர்கள் சிறைக்கும் போனார்கள். ஆகஸ்ட் 29 அன்று நார்த்தாம்ப்டனில் பெருந்திரளாகக் கூடிய மக்கள், நீதிமன்றம் அமர விடாமல் தடுத்தனர். நீதிமன்றம் நடக்காவிட்டால் ஜப்தி உத்தரவும் வராது. முன்னாள் படைத்தலைவர் டேனியல் ஷேஸின் பெயரால் இது ஷேஸ் கிளர்ச்சி எனப்பட்டது.

ஆயுதம் தாங்கிய 12 பேரோ, ஆயுதமற்ற 30 பேரோ கலக நோக்குடன் திரண்டால், ஷெரிப் போன்ற அதிகாரி அவர்கள் முன் கலைந்து செல்லும் ஆணையைப் படிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்களுக்குச் சொத்துப் பறிமுதல், 39 கசையடி, 12 மாதம் வரை சிறை. கலைக்கும்போது யாரேனும் இறந்தாலும் அதிகாரிகள் மீது குற்றமில்லை. இச்சட்டத்தின் மிகக் கொடிய பகுதி இதுதான்: கசையடி பட்டவர் பிழைத்திருப்பார், சுடப்பட்டவருக்கோ நியாயம் கேட்க வழியே இல்லை.

ஆணையைப் படிப்பது, ஒரு மணி நேரம் பொறுப்பது ஆகிய இரண்டும் பிரிட்டனின் 1714ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தவை. அங்கே கலையாதவர்களுக்கு மரண தண்டனை. வட கரோலினா குடியேற்றமும் 1771இல், ‘ரெகுலேட்டர்’ எனப்பட்ட உழவர்களை ஒடுக்க இதே வகைச் சட்டம் கொண்டுவந்தது. அது முந்தைய செயல்களையும் தண்டித்தது. ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் பாஸ்டன் மக்களைத் திரட்டிய சாமுவேல் ஆடம்ஸ், 1786இல் கடும் நடவடிக்கையை முன்னின்று ஆதரித்தார். மக்களே தேர்ந்த ஆட்சியை எதிர்ப்பது மன்னனை எதிர்ப்பதைப் போன்றதல்ல என்று அவர் கருதினார். பட்டினியின் விளிம்பில் நின்ற உழவர்களுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் விளங்கியிருக்கும்?

சட்டம் கிளர்ச்சியை அடக்கவில்லை. அடுத்த மாதமே ஆட்கொணர்வு உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. 1787 ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்பீல்டு ஆயுதக் கிடங்கின் முன் அரசின் குடிப்படை பீரங்கியால் சுட்டதில் நால்வர் இறந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுநர் ஜேம்ஸ் பௌடாயின் தோற்றார்.

எச்சரித்த பிறகே படை என்ற முறை கூட்டாட்சிச் சட்டத்திலும் நுழைந்தது. குடிப்படையை ஏவுமுன் குடியரசுத் தலைவர் கலைந்து செல்லும்படி அறிவிக்க வேண்டும் என்றது 1792ஆம் ஆண்டுச் சட்டம். பென்சில்வேனியாவின் விஸ்கி வரிக் கிளர்ச்சியின்போது வாஷிங்டன் 1794 ஆகஸ்ட் 7 அன்று அப்படி அறிவித்தார். நடப்பிலுள்ள கூட்டாட்சிக் கிளர்ச்சிச் சட்டமும் இந்த அறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது.