எலிசபெத் காட்லெட்

எலிசபெத் காட்லெட் (1915–2012) அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவில் வேரூன்றிய சிற்பி, அச்சு ஓவியர். கல், மரம், சுடுமண், வெண்கலம் என எதைத் தொட்டாலும் அவர் கையிலிருந்து அதிகம் பிறந்தவர்கள் உழைக்கும் கறுப்பினப் பெண்கள். அரசியலுக்காகக் கலையைத் தாழ்த்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருடைய அரசியல் கூர்மையடைந்த ஆண்டுகளில்தான் சிற்பங்களின் வடிவமும் கச்சிதமாகியது.

அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பேத்தியான அவர் வாஷிங்டனில் பிறந்தார். ஆசிரியரான தந்தை, மகள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி தொழில்நுட்பக் கழகம் அவருக்குக் கல்வி உதவித்தொகை தர முன்வந்தது. கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் கையை விரித்துவிட்டது. (அதன் வழிவந்த கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2008இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 93.) சொந்த ஊரின் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தார். பிறகு வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் பள்ளி ஆசிரியை ஆனார். கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளையருக்கு இணையான சம்பளம் கேட்டு நடந்த இயக்கத்தில் அங்கே பங்கெடுத்தார்.

அயோவா பல்கலைக்கழகம் அவரை மாணவியாகச் சேர்த்துக்கொண்டது. விடுதியில் இடம் தரவில்லை. அங்கே ஆசிரியராக இருந்தவர் கிராண்ட் வுட். மத்திய மேற்கின் வெள்ளை விவசாயிகளை வரைந்து புகழ்பெற்ற அந்த ஓவியர், நன்கு அறிந்த வாழ்க்கையையே கலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த அறிவுரையின் பலன் ‘தாயும் சேயும்’ என்ற சுண்ணாம்புக்கல் சிற்பம். அது 1940இல் சிகாகோவில் நடந்த கறுப்பினக் கலைக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது. அதே ஆண்டில் காட்லெட் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

நியூ ஆர்லியன்ஸில் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, நகர அருங்காட்சியகத்துக்குப் பிக்காசோவின் ஓவியங்கள் வந்தன. அருங்காட்சியகம் இருந்த பூங்காவிலோ கறுப்பினத்தவர் கால்வைக்கக் கூடாது. அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு மூடியிருந்த நாளில் தனி அனுமதி பெற்று, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார் காட்லெட். பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகப் பெயர்பெற்ற சமெல்லா லூயிஸ் அன்று அவருடைய மாணவி.

அடுத்து நியூயார்க். உருவங்களைக் கூரிய தளங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறையை ஓசிப் ஸாட்கினிடம் கற்றார். ஹார்லெமில் தொழிலாளர்களுக்கான பள்ளியொன்றில் சிற்பத்தோடு தையலும் கற்றுக்கொடுத்தார். பகலெல்லாம் பிறர் வீட்டில் வேலைபார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்த பெண்கள் அவருடைய கலைக்குக் கருப்பொருள் ஆனார்கள்.

அந்தப் பெண்களைப் பற்றித் தொடர் படைப்புகள் செய்ய ரோசன்வால்ட் அறக்கட்டளை நிதி கொடுத்தது. 1946இல் மெக்சிகோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மெக்சிகோ நகரின் ‘மக்கள் அச்சுக்கலைப் பட்டறை’ தொழிற்சங்கங்களுக்கும் எழுத்தறிவு இயக்கத்துக்கும் மலிவான சுவரொட்டிகளை அச்சிட்டு வந்தது. லினோலியத்தைச் செதுக்கி அச்செடுக்கும் முறையில் 15 படங்கள் கொண்ட ‘கறுப்பினப் பெண்’ வரிசையை அவர் முடித்தது அங்கேதான். பட்டறைத் தோழர் ஃபிரான்சிஸ்கோ மோராவை மணந்தார். மூன்று மகன்கள் பிறந்தார்கள்.

சிற்பத்திலும் மெக்சிகோ அவரை மாற்றியது. ஃபிரான்சிஸ்கோ ஸூனிகாவிடம் சுடுமண் வேலை பயின்றார். களிமண்ணைத் திரிதிரியாக உருட்டி அடுக்கி, உள்ளே கூடாக விட்டு உருவம் எழுப்பும் அந்த முறை, ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மெக்சிகோவின் மரபு. பருத்த, உருண்ட உடலை அங்கிருந்தும், முகத்தின் இறுக்கத்தை ஆப்பிரிக்க முகமூடிகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார். 1958இல் தேசிய நுண்கலைப் பள்ளியின் முதல் பெண் சிற்பப் பேராசிரியர் ஆனார்.

அமெரிக்க அரசு பட்டறையையே கம்யூனிஸ்டுகளின் கூடாரமாகப் பார்த்தது. 1962இல் அவர் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், ‘வேண்டத்தகாத அந்நியர்’ என்று முத்திரை குத்தி, பிறந்த நாட்டுக்குள் நுழையத் தடைவிதித்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் கொதித்த ஆண்டுகளை அவர் எல்லைக்கு அப்பாலிருந்தே பார்க்க நேர்ந்தது. அவருடைய ஆற்றல்மிக்க படைப்புகள் அந்தக் காலத்தவை. 1968இல் செய்த ‘கறுப்பு ஒற்றுமை’ மரச்சிற்பத்தில் ஒருபுறம் மடக்கிய முஷ்டி, மறுபுறம் அமைதியான இரு முகங்கள். சிகாகோவில் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் இருவரைப் போலீஸ் சுட்டுக்கொன்றதை அடுத்து ‘இலக்கு’ உருவானது: வெண்கலத்தில் ஒரு கறுப்பின ஆணின் தலை, அதற்கு முன்னால் துப்பாக்கியின் குறிவளையம். பார்ப்பவரும் அந்த வளையத்தின் வழியாகத்தான் அவனைப் பார்க்க வேண்டும். இதைவிடச் சிக்கனமாகக் குற்றஞ்சாட்டிய சிற்பத்தைக் காண்பது அரிது.

1971இல் ஹார்லெமின் ஸ்டூடியோ அருங்காட்சியகத்தில் நடந்த அவருடைய கண்காட்சிக்காக, ஆதரவாளர்கள் அரசுக்குக் கடிதங்களை அனுப்பிக் குவித்த பிறகே விசா கிடைத்தது. அதன்பின் பொது இடங்களுக்கான பணிகள் வந்தன. ஒருகாலத்தில் பூங்காவுக்குள் விடாத நியூ ஆர்லியன்ஸ், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் சிலையை அவரிடம் கேட்டு வாங்கி வேறொரு பூங்காவில் நிறுத்தியது.

அமெரிக்கக் குடியுரிமை 2002இல் திரும்பக் கிடைத்தது. மறு ஆண்டு, எழுத்தாளர் ரால்ஃப் எலிசனுக்கு அவர் வடித்த நினைவுச் சின்னம் மன்ஹாட்டனில் நிறுவப்பட்டது. உயர்ந்த வெண்கலப் பலகையில் நடக்கும் மனிதனின் வடிவில் வெட்டியெடுத்த வெற்றிடம்தான் அதில் உருவம். 2012 ஏப்ரலில், மெக்சிகோவின் குவர்னவாக்காவில் தம் வீட்டில் காட்லெட் காலமானார்.