எகி (கணவாய்த் தூண்டில்)

எகி என்பது கணவாய்களைப் பிடிப்பதற்கென்று ஜப்பானில் உருவான ஒரு செயற்கை இரை ஆகும். இறால் அல்லது சிறுமீன் போன்ற உடலும், வாற்புறத்தில் கிரீடம் போல வளைந்து நிற்கும் முட்களும் இதன் அடையாளங்கள். ஜப்பானிய மொழியில் "எ" என்பது இரையையும் "கி" என்பது மரத்தையும் குறிக்கும். எனவே இப்பெயர் "இரைமரம்" எனப் பொருள்படும். இன்று விற்பனையாகும் எகிகளில் பெரும்பாலானவை நெகிழியால் செய்யப்பட்டு மேலே துணி போர்த்தப்பட்டவை. எனினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. கடலோரப் பாறைகளிலும் அலைதடுப்புச் சுவர்களிலும் நின்று எகியை எறிந்து கணவாய் பிடிக்கும் முறை "எகிங்" என அழைக்கப்படுகின்றது.

வரலாறு

எகியின் பிறப்பிடம் ஜப்பானின் தென்பகுதி என்று கருதப்படுகின்றது. குறிப்பாக இன்றைய ககோஷிமா மாநிலத்தை உள்ளடக்கிய பழைய சட்சுமா நாட்டிலும் அதன் தெற்கேயுள்ள தீவுகளிலும் எடோ காலத்திலேயே (1603–1868) இது வழக்கில் இருந்தது. இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் தீப்பந்தம் கடலில் விழ, அந்தக் கரிந்த கட்டையைக் கணவாய் வந்து பற்றிக்கொண்டது என்றும், அதைக் கண்டே எகி செய்யத் தொடங்கினர் என்றும் ஒரு கதை அங்கு வழங்குகின்றது. இதற்குச் சான்று இல்லை. ஆனால் பழைய எகிகள் பலவற்றின் மேற்பரப்பு நெருப்பில் வாட்டிக் கருக்கப்பட்டிருப்பது இக்கதையோடு பொருந்துகின்றது.

அக்கால எகிகள் மரத்தைச் செதுக்கிச் செய்யப்பட்டவை. மீன் வடிவில் ஒரு வகையும் இறால் வடிவில் ஒரு வகையும் இருந்தன. அடிப்பகுதியில் எடைக்காகத் துளையுள்ள பழைய செப்புக் காசுகளைப் பொருத்துவதும் உண்டு. படகை மெதுவாகத் துடுப்பு வலித்துக்கொண்டு எகியைப் பின்னால் இழுத்துச் செல்வதே அன்றைய முறை.

கரையிலிருந்து எறிந்து பிடிக்கும் இன்றைய எகிங் 1990களின் இறுதியிலும் 2000களிலும்தான் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. மெல்லியதும் நீளாததுமான பின்னல் நூல் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது இதற்கு ஒரு முக்கிய காரணம் ஆகும். நைலான் தங்கூசி இழுத்தால் நீளும். கோலை உயர்த்தி வெட்டி இழுப்பது தொலைவிலுள்ள எகிக்குச் சரியாகப் போய்ச் சேராது. பின்னல் நூலில் இக்குறை இல்லை.

அமைப்பு

எகியின் உடல் மூக்கிலிருந்து வால் நோக்கி மெலிந்து செல்லும். மூக்கின் அடியில், முன்புறமாக, தட்டையான ஈயம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இந்த ஈயம் முன்புறம் இருப்பதே எகியின் இயக்கத்துக்கு அடிப்படை: நூலைத் தளர்த்தியவுடன் எகி மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொண்டு, தள்ளாடாமல் சரிந்து இறங்குகின்றது. உடலின் இருபுறமும் உள்ள சிறு இறகுகள் இறங்கும்போது மெல்ல அசைவதோடு உடலை நிலைப்படுத்தவும் உதவுகின்றன.

வாற்புறத்து முட்கள் "கன்னா" எனப்படும். இவை வழக்கமாக இரண்டு அடுக்குகளாக வட்டமாக அமைந்திருக்கும். சாதாரண மீன் தூண்டிலில் காணப்படும் பின்னோக்கிய கொக்கி இவற்றில் இல்லை. கணவாய் தன் இரண்டு நீண்ட பற்றுகைகளால் இரையை எட்டிப் பிடித்து, பிறகு எட்டுக் கைகளால் அணைத்துக்கொள்ளும் உயிரினம். மீனைப் போல இரையை வாயால் கவ்வி விழுங்குவதில்லை. எனவே முள் வாயில் தைப்பதற்குப் பதிலாகக் கைகளில் தைக்கின்றது. கொக்கி இல்லாததால் நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் கணவாய் தப்பிவிடலாம். மிக இறுக்கி இழுத்தாலோ மென்மையான கை அறுந்துவிடும். இதனாலேயே எகிங் செய்வோர் ரீலின் இறுக்கத்தைக் குறைத்து வைக்கின்றனர்.

இலக்கான கணவாய்

எகிங்கின் முதன்மை இலக்கு ஜப்பானியர் "அவொரி-இகா" என்று அழைக்கும் கணவாய் ஆகும். இதன் அறிவியற் பெயர் செப்பியோட்டியூத்திஸ் லெசோனியானா. உடலின் முழு நீளத்துக்கும் விரிந்திருக்கும் துடுப்பு, குதிரைச் சேணத்தில் சேறு தெறிக்காமல் தொங்கவிடப்படும் மடலைப் போல் இருப்பதால் அம்மடலின் பெயரான "அவொரி" இதற்கு வந்தது. "இகா" என்றால் கணவாய். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பரவலாக வாழும் இவ்வினம் மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் காணப்படுகின்றது.

இதன் வாழ்நாள் ஏறத்தாழ ஓர் ஆண்டு மட்டுமே. இந்த ஓர் உண்மையிலிருந்தே எகித் தேர்வின் பெரும்பகுதி பிறக்கின்றது. ஜப்பானின் மையப் பகுதியில் வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கடற்பாசித் திடல்களிலும் கடற்புல் வெளிகளிலும் முட்டையிடப்படுகின்றது. வெண்ணிற விரல்கள் போன்ற உறைகளில் முட்டைகள் கொத்தாகத் தொங்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கின்றது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கரையோரம் முழுவதும் இளங்கணவாய்களால் நிறையும். நீர் குளிர்ந்ததும் அவை ஆழத்துக்குச் சென்று, அடுத்த வசந்தத்தில் 1 கிலோகிராமுக்கு மேற்பட்ட முதிர்ந்த கணவாய்களாகக் கரைக்குத் திரும்புகின்றன.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

எகியின் அளவு "கோ" என்ற எண்ணால் குறிக்கப்படுகின்றது. இது பழைய ஜப்பானிய நீள அலகான "சுன்" (ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்) என்பதை அடிப்படையாகக் கொண்டது. எனவே 2.5 என்று குறிக்கப்பட்ட எகி சுமார் 7.5 சென்ரிமீற்றரும், 3 என்பது சுமார் 9 சென்ரிமீற்றரும், 3.5 என்பது சுமார் 10.5 சென்ரிமீற்றரும் நீளமுடையவை. எடை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், 2.5 எண் எகி ஏறத்தாழ 10 கிராம், 3 எண் 15 கிராம், 3.5 எண் 20 கிராம் என்று கொள்ளலாம். ஆஸ்திரேலியா போன்ற பிற நாடுகளின் கடைகளிலும் இதே எண்களே வழங்குகின்றன.

இலையுதிர் காலத்து இளங்கணவாய்களுக்கு 2.5 அல்லது 3, வசந்த காலத்துப் பெருங்கணவாய்களுக்கு 3.5 அல்லது 4 என்பது பொது விதி. சிறியது சிறியதையே தின்னும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் கணவாய் தன் உடலளவுக்கு நிகரான எகியையும் அஞ்சாமல் தாக்கும் பழக்கமுடையது. ஆகவே அளவு என்பது பெரும்பாலும் எடையைப் பற்றிய முடிவே ஆகும்: பெரிய எகி தொலைவு செல்லும், காற்றை எதிர்க்கும், ஆழத்தைச் சென்றடையும். சிறிய எகி ஆழமற்ற துறைமுகத்தினுள் பாறையில் சிக்காமல் மெதுவாக இறங்கும். காற்று பலமாக வீசும் ஒக்டோபர் மாத மாலையில் விதியைப் பின்பற்றி 2.5 எண் எகியை எறிபவர், நூல் காற்றில் வளைந்து எகி எங்கே இருக்கின்றது என்பதே தெரியாமல் நிற்க நேரிடும்.

இறங்கும் வேகம்

தொடக்கநிலையில் உள்ளோர் நிறத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றனர். இறங்கும் வேகமே அதைவிட முக்கியமானது. கணவாய் பெரும்பாலும் எகியைத் தாக்குவது அது மேலெழும்போது அன்று, இறங்கும்போதுதான். கோலை உயர்த்தி வெட்டி இழுக்கும்போது எகி துள்ளி எழுந்து கணவாயின் கவனத்தை ஈர்க்கின்றது. பிறகு நூல் தளர, களைத்த இறால் போல அது சரிந்து இறங்குகையில் பற்றுகைகள் நீளுகின்றன.

ஒரே அளவிலும் வேகம் வேறுபடும் எகிகள் உண்டு. வழக்கமான 3.5 எண் எகி 1 மீற்றர் இறங்க 3 முதல் 3.5 வினாடி எடுக்கும். ஆழமற்ற இடத்துக்கானவை 5 அல்லது 6 வினாடியோ அதற்கு மேலோ எடுக்கும். ஆழமான இடத்துக்கானவை 2 வினாடியை ஒட்டி இறங்கும். இந்த எண்ணைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத கடலடியைக் கணிக்கலாம். வழக்கமான எகி விழுந்ததிலிருந்து நூல் தளரும் வரை 21 முதல் 25 வினாடி ஆனால் அங்கு ஆழம் ஏறத்தாழ 7 மீற்றர். முதல் எறிதலில் எகியைத் தரைதொட விட்டு எண்ணிக்கொண்டவர், அடுத்த எறிதலில் சில வினாடிகள் முன்னதாகவே இழுக்கத் தொடங்கினால் பாறையிலும் பாசியிலும் சிக்குவதைத் தவிர்க்கலாம். 2 மீற்றர் ஆழமுள்ள பாசித் திடலில் வழக்கமான எகி 6 அல்லது 7 வினாடியில் தரையைத் தொட்டுவிடும். மெதுவான எகியோ 10 வினாடிக்கு மேல் நீரில் நிற்கும். கணவாய் அணுகிப் பார்த்துத் தயங்கித் தாக்குவதற்கு அந்த இடைவெளி தேவை. நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் நிலைமை தலைகீழாகும். அங்கு மெதுவான எகி இறங்காமலேயே அடித்துச் செல்லப்படும்.

நிறம்

எகிகளின் நிறம் இரண்டு அடுக்குகளால் ஆனது. உடலின் மேல் ஒட்டப்படும் பளபளப்பான அடித்தாள் ஒன்று. அதன் மேல் போர்த்தப்படும் துணி மற்றொன்று. அடித்தாள் பொன், வெள்ளி, சிவப்பு, வானவில் எனப் பல வகைப்படும். இருளில் ஒளிர்வனவும், புறஊதாக் கதிர் பட்டால் நீலஊதாவாக மிளிரும் "கெய்முரா" வகையும் உண்டு.

தெளிந்த நீரும் வெயிலும் உள்ளபோது வெள்ளி அல்லது வானவில் அடித்தாளும் பச்சை, பழுப்பு போன்ற இயல்பான துணியும், விடியலிலும் அந்தியிலும் கலங்கிய நீரிலும் பொன் அடித்தாளும் செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் துணியும், இரவில் சிவப்பு அடித்தாள் அல்லது ஒளிரும் வகை, மேகமூட்டத்தில் கெய்முரா. ஜப்பானிய எகிங் வழிகாட்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் பரிந்துரை இது.

இதில் ஒரு முரண் உள்ளது. கணவாய் இனங்களில் மிகப் பெரும்பாலானவை நிறக்குருடானவை. மனிதக் கண்ணில் நிறம் அறிவதற்கு மூன்று வகைக் காட்சி நிறமிகள் உள்ளன. கணவாயின் விழித்திரையிலோ பொதுவாக ஒரே நிறமிதான் உண்டு. அது நீலப்பச்சை ஒளிக்கே மிகுதியாகத் துலங்குகின்றது. ஜப்பானின் தொயாமா விரிகுடாவில் புகழ்பெற்ற ஒளிரும் மின்மினிக் கணவாயில் மூன்று நிறமிகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் அது விதிவிலக்கு. செம்மஞ்சள் எகிக்கும் இளஞ்சிவப்பு எகிக்கும் இடையே கரையில் நடக்கும் வாதம் கணவாய்க்குப் பொருளற்றதாக இருக்கக்கூடும்.

எனினும் நிறத்தேர்வு வீண் என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறு. நிறம் அறியாத கண்ணும் ஒளிர்வு வேறுபாட்டை நன்கு அறியும். சிவப்பு ஒளி நீரில் முதலில் உறிஞ்சப்பட்டுவிடுவதால் சிவப்பு எகி ஆழத்தில் கருநிழலாகத் தோன்றும். மேலிருந்து வரும் மெல்லிய ஒளியின் பின்னணியில் அந்த நிழல் தெளிவாகத் தெரியும். இரவுக்குச் சிவப்பு என்ற மரபு இவ்வாறு பொருள் பெறுகின்றது. மேலும் கணவாய்களின் கண் ஒளியின் முனைவாக்கத்தை உணரவல்லது. மனிதருக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பளபளப்புகள் அவற்றுக்கு வேறாகத் தெரியக்கூடும். ஆகவே நடைமுறையில் பத்து நிறங்களை வாங்குவதைவிட வெளிர்நிறம் ஒன்று, கருநிழல் தருவது ஒன்று, ஒளிர்வது ஒன்று என்று மூன்றை வைத்திருப்பது பொருத்தமானது. செம்மஞ்சளுக்கு வேறொரு நன்மையும் உண்டு: தொலைவில் நீருக்குள் வரும் எகியையும் அதைத் தொடர்ந்து வரும் கணவாயையும் பிடிப்பவர் கண்டுகொள்ள முடியும்.

தொடர்புடைய வகைகள்

படகிலிருந்து ஆழத்தில் பயன்படுத்துவதற்கு 30 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள எகிகள் தனியே உள்ளன. கோழியின் நெஞ்சுக்கறி அல்லது சிறுமீனை மேலே வைத்துக் கம்பியால் சுற்றும் எகி மற்றொரு வகை. மலேசியாவின் திரங்கானு கடலில் "சந்தாட் சோத்தோங்" என்ற பெயரில் இரவில் விளக்கொளியில் படகிலிருந்து கணவாய் பிடிக்கும் வழக்கம் உள்ளது. அங்கு எறிதல் இல்லை. இரை படகின் பக்கவாட்டில் நேராக இறக்கி அசைக்கப்படுகின்றது.

வளமும் கரையும்

ஓர் ஆண்டே வாழும் உயிரினத்தில் முந்தைய ஆண்டின் முதிர்ந்த இருப்பு என்று எதுவும் எஞ்சுவதில்லை. ஒரு வசந்தத்தில் முட்டையிடுவோர் குறைந்தால் அதே ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கரை வெறுமையாகும். பெரிய எகியை எறிந்து வசந்தத்தில் பிடிக்கப்படும் பெருங்கணவாய்கள் பெரும்பாலும் முட்டையிட வந்தவையே. ஜப்பானின் பல கரைகளில் "இசொயாகே" எனப்படும் பாசித்திடல் அழிவும் இதனுடன் சேர்ந்துகொண்டுள்ளது. மீனவர் கூட்டுறவு அமைப்புகள் பல, மரக்கிளைகளைக் கட்டாகக் கட்டிக் கடலடியில் இறக்குகின்றன. பாசிக்கு மாற்றாக அக்கிளைகளில் கணவாய்கள் முட்டையிடுகின்றன. இலையுதிர் காலத்தில் மிகச் சிறியவற்றைத் திருப்பி விடுவது எகிங் செய்வோர் பலர் தாமே கடைப்பிடிக்கும் வழக்கம். முட்களில் கொக்கி இல்லாதது இதனை எளிதாக்குகின்றது.

பாறையில் சிக்கி அறுந்த எகி ஈயத்தோடும் நெகிழியோடும் அங்கேயே கிடக்கும். கடலடி தெரியாத இடத்தில் மெதுவாக இறங்கும் எகியிலிருந்து தொடங்குவது இவ்விழப்பைக் குறைக்கும். துறைமுகச் சுவர்களில் கணவாய் கக்கும் மை மற்றொரு சிக்கல். புதிய கறுப்புக் கறை அண்மையில் அங்கு கணவாய் கிடைத்ததற்கு அடையாளம் என்பதால் அனுபவமுள்ளோர் வந்தவுடன் முதலில் அதையே தேடுவர். ஆனால் உலர்ந்தபின் அது எளிதில் நீங்காது. பிடித்தவுடன் ஒரு வாளி கடல்நீர் ஊற்றிக் கழுவிவிடுவதே அங்குள்ள நடைமுறை.